தேக்காவும் வண்டி நிற்கும் இடமும்



ஒரு நகரத்தின் வரலாற்றைச் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் ஓடுகின்றவற்றைப் பற்றியே பேசுவார்கள். கப்பல் வந்தது, டிராம் வந்தது, பேருந்து வந்தது, ரயில் வந்தது என்று வரிசைப்படுத்துவார்கள். ஓடி வந்த வண்டி எங்கே நின்றது என்று கேட்பவர் குறைவு. ஆனால் சற்றே எண்ணிப் பார்ப்போம். ஒரு கார் தன் வாழ்நாளில் ஓடும் நேரம் சிறிது. நிற்கும் நேரமே மிகுதி. அமெரிக்காவில் நகரத் திட்டப் பேராசிரியராக விளங்கிய டொனால்ட் ஷூப் என்பவர், கார் என்பது 100-க்கு 95 பங்கு நேரம் சும்மா நின்றுகொண்டிருக்கும் பொருள் என்று கணக்கிட்டுக் காட்டினார். அப்படியானால், ஒரு வண்டி வாங்குவது என்பது ஓடுவதற்குச் சாலை கேட்பது மட்டுமன்று. நிற்பதற்கு நிலம் கேட்பதுமாகும்.

அந்த நிலம் யாருடையது? அதை யார் தருவது? அதன் விலையை யார் கொடுப்பது? நகர வாழ்க்கையில் இவை சிறு கேள்விகளாகத் தோன்றலாம். உண்மையில் ஒரு நகரம் தன் பொது நிலத்தை எவ்வாறு பங்கிடுகிறது என்பதை இவற்றைக் கொண்டே அறியலாம். இந்தக் கேள்விகளுக்குச் சிங்கப்பூர் காலந்தோறும் கண்ட விடைகளை, நமக்கு நன்கு பழக்கமான தேக்கா வட்டாரத்தை நடுவில் வைத்துக்கொண்டு இன்று காண்போம்.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். வண்டி நிறுத்துவதற்குக் கட்டணம் வாங்குவது மேலைநாட்டார் கொண்டுவந்த புதுமை என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. தமிழ்நாட்டுச் சந்தை ஊர்கள் பலவற்றில் வண்டிப்பேட்டை என்ற பெயரில் ஓர் இடம் இருப்பதை நாம் அறிவோம். சந்தைக்குச் சரக்கு ஏற்றி வந்த மாட்டு வண்டிகள் அங்கே அவிழ்த்து விடப்படும். மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி இருக்கும். வண்டிக்காரருக்கு மர நிழல் இருக்கும். கடைத்தெருவை வண்டிகள் அடைத்துக்கொள்ளாமல் இருப்பதற்காகவே அந்தப் பேட்டை. 1920-ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம், பொது வண்டிப்பேட்டைகள் அமைக்கவும் அவற்றுக்குக் கட்டணம் வாங்கவும் நகராட்சிகளுக்கு அதிகாரம் அளித்தது. அதற்கும் முன்னால், கி.மு. முதல் நூற்றாண்டிலேயே, நெரிசல் தாங்காமல் பகலில் பெரும்பாலான வண்டிகள் ரோம் நகருக்குள் வரக் கூடாதென்று ஜூலியஸ் சீசர் காலத்துச் சட்டம் தடுத்தது. ஆக, வண்டி தோன்றிய நாளிலேயே அதை எங்கே நிறுத்துவது என்ற தகராறும் தோன்றிவிட்டது எனலாம்.

இனித் தேக்காவுக்கு வருவோம்.

தேக்கா என்ற பெயர் ஹொக்கியன் சீனமொழியிலிருந்து வந்தது. சிறு மூங்கில்களின் அடிவாரம் என்பது அதன் பொருள். ரோச்சோர்க் கால்வாயின் கரையில் ஒரு காலத்தில் மூங்கில் வளர்ந்திருந்ததை அந்தப் பெயர் நினைவூட்டுகிறது. மலாய்க்காரர் அதே இடத்தைக் கண்டாங் கெர்பாவ் என்றனர். எருமைப் பட்டி என்று பொருள். அருகில் உள்ள மகப்பேற்று மருத்துவமனையை இன்றும் கே.கே. என்று அழைக்கிறோமே, அந்த இரண்டு எழுத்துகளும் எருமைப் பட்டியைக் குறிப்பவைதாம். தமிழர்களோ சுண்ணாம்புக் காளவாய்களைக் கண்டு, சிராங்கூன் சாலைப் பகுதியைச் சுண்ணாம்புக் கம்பம் என்றனர். ஒரே இடத்துக்கு மூன்று மொழியினர் மூன்று பெயர் வைத்தனர். ஒருவர் மரத்தைப் பார்த்தார், ஒருவர் மாட்டைப் பார்த்தார், ஒருவர் தொழிலைப் பார்த்தார்.

மாட்டைப் பார்த்தவர் சொன்ன பெயரே நம் பொருளுக்கு நெருக்கமானது. 19-ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூரின் சுமையெல்லாம் மாட்டின் தோளில்தான் ஏறியது. துறைமுகச் சரக்கும் மாட்டு வண்டியில் போயிற்று. குடிதண்ணீரும் மாட்டு வண்டியில் வந்தது. கிரேத்தா ஆயர் என்ற இடப்பெயருக்கே தண்ணீர் வண்டி என்றுதான் பொருள். அந்த வண்டிகளை ஓட்டியவர்களில் தமிழர் பலர். தாழ்வான, ஈரமான தேக்கா நிலத்தில் புல்லுக்கும் நீருக்கும் குறைவில்லை. ஆகவே கால்நடை வணிகம் அங்கே தழைத்தது. பெலிலியோஸ் என்ற கால்நடை வணிகரின் பெயரைப் பெலிலியோஸ் சாலையும், இறைச்சிக்கடை நடத்திய டெஸ்கரின் பெயரை டெஸ்கர் சாலையும் தாங்கி நிற்கின்றன. பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என்ற இரண்டும் ஒரே எருமையை இரு மொழியில் சொல்பவை.

இன்றைய கண்கொண்டு பார்த்தால் அந்தக் காலத் தேக்கா ஒரு பெரிய வண்டிப்பேட்டை என்றே சொல்லலாம். நகரத்தை இயக்கிய சக்தி இரவில் வந்து படுத்த இடம் அது. ஆனால் நகரம் வளர வளர, சதுப்பு நிலம் மேடாயிற்று, வீடுகள் பெருகின, மோட்டார் வண்டிகள் வந்தன. துர்நாற்றமும் நெரிசலும் பொறுக்க முடியாத குறைகளாயின. 1936-இல் நகராண்மைக் கழகச் சட்டம் கால்நடைகளையும் அறுப்புக்கூடங்களையும் இந்த வட்டாரத்திலிருந்து விலக்கிவிட்டது. வண்டியை இழுத்த மாடு போயிற்று. அது படுத்திருந்த நிலத்தில் கடையும் வீடும் எழுந்தன. ஒரு காலத்தில் இன்றியமையாதது என்று எண்ணப்பட்ட நிறுத்தம் ஒன்று, இன்னொரு காலத்தில் வேறு பயனுக்கு இடம் விட்டது. இதை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

சாலையின் ஓரம் யாருக்கு உரியது என்ற வழக்கு மாட்டோடு முடிந்துவிடவில்லை. கடைவீடுகளின் முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையை நேயர்கள் அறிவீர்கள். 1822-இல் ராஃபிள்ஸ் நகரத்துக்குத் திட்டம் வகுத்தபோது, தெருவின் இரு பக்கத்திலும் ஒவ்வொரு வீட்டின் முன்னும் கூரையிட்ட தாழ்வாரம் இருக்க வேண்டும், அது தொடர்ச்சியாக, எப்போதும் நடப்பவர்க்குத் திறந்திருக்க வேண்டும் என்று விதித்தார். விதி நல்ல விதிதான். ஆனால் கடைக்காரருக்கு அந்தத் தாழ்வாரம் தம் கடையின் நீட்சியாகத் தோன்றியது. மூட்டை வந்தது, பெட்டி வந்தது, தையல் இயந்திரம் வந்தது, நாவிதரின் நாற்காலி வந்தது. நடப்பவர்கள் தெருவில் இறங்கினார்கள். தெருவிலோ மாட்டு வண்டியும் ரிக்ஷாவும் நின்றன.

1888-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நகராண்மைக் கழகம் ஐந்தடிப் பாதைகளை ஒழித்துத் தர முற்பட்டது. அப்போது கழகத்தின் தலைவராக இருந்தவர் டாக்டர் ரோவெல். கடைக்காரர்கள் கதவடைத்தார்கள். கலவரம் மூண்டது, ஓடிய டிராம் வண்டிகள் மீது கல் விழுந்தது. முடிவில் இரு தரப்பும் இறங்கி வந்தன. நடப்பவர்க்கு வழி விட்டுவிட்டு மிச்சத்தைக் கடைக்காரர் பயன்படுத்தலாம் என்ற ஏற்பாடு நிலைத்தது. தாழ்வாரக் கலவரம் என்று வரலாற்றில் பேசப்படும் நிகழ்ச்சி இதுதான். அந்த ரோவெலின் பெயர்தான் இன்று தேக்காவில் டெஸ்கர் சாலைக்குப் பக்கத்தில் ரோவெல் சாலையாக நிற்கிறது. சில அடி அகலமுள்ள பாதைக்காக ஒரு நகரமே கதவடைத்தது என்றால், தெருவோர நிலத்தின் மதிப்பு எத்தகையது என்பது விளங்கும்.

1880-இல் ரிக்ஷா வந்தது. சில ஆண்டுகளிலேயே அதைக் கட்டுப்படுத்தத் தனி இலாகா அமைக்க வேண்டியதாயிற்று. 1903-இல் நீல் சாலையில் கட்டப்பட்ட ரிக்ஷா நிலையக் கட்டடம் இன்றும் இருக்கிறது. 1896-இல் பக்லி என்ற வழக்கறிஞர் முதல் மோட்டார் காரைக் கொண்டு வந்தார். அது எழுப்பிய ஓசையைக் கேட்டு மக்கள் அதைக் காப்பி இயந்திரம் என்று கேலி செய்தார்களாம். கேலி செய்த காலம் விரைவில் மாறியது. 1947-இல் ரிக்ஷா முற்றாக நின்றது. 1950-களிலும் 1960-களிலும் கார் நடுத்தர மக்களின் கனவாயிற்று.

அப்போதுதான் நிற்கும் இடத்துக்குப் பஞ்சம் வந்தது. பஞ்சம் வந்த இடத்தில் இடைத்தரகரும் வருவது இயற்கை. காலி இடம் கண்டால் கையைக் காட்டிக் காரை நிறுத்தச் சொல்லி, பார்த்துக்கொள்வதாகக் கூறிக் காசு கேட்கும் ஆட்கள் தோன்றினார்கள். ஜாகா கெரேத்தா, அதாவது கார்க் காவல், என்று அவர்களுக்குப் பெயர். காசு கொடுக்க மறுத்தால் காரில் கீறல் விழும் என்ற அச்சம் ஓட்டுநருக்கு இருந்தது. பொது நிலத்துக்கு அரசு விலை வைக்காவிட்டால், தெருவில் நிற்பவன் தானே ஒரு விலை வைத்துவிடுவான் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அரசும் சும்மா இருக்கவில்லை. 1964-இல் மார்க்கெட் தெருவில் சிங்கப்பூரின் முதல் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடம் எழுந்தது. அடுத்த ஆண்டு ராஃபிள்ஸ் பிளேசில் மேலே பூங்காவும் கீழே நிலத்தடிக் கார் நிறுத்துமிடமும் அமைந்தன. ஆர்ச்சர்ட் சாலையில் மற்றொரு காட்சியைக் காண முடிந்தது. பகலில் கார்கள் நின்ற திறந்தவெளி, மாலையானதும் உணவுக் கடைகள் நிறைந்த இடமாக மாறிவிடும். தள்ளுவண்டிகள் வரும், விளக்குகள் எரியும், மேசை நாற்காலிகள் விரியும். ஒரே நிலம் பகலில் காருக்கும் இரவில் மக்களுக்கும் பயன்பட்டது. 1978-இல் அந்த உணவுச் சந்தை மூடப்பட்டது. எனினும், கார் நிறுத்துமிடம் என்று கோடு போட்டுவிட்டால் அது என்றென்றைக்கும் காருக்கே என்பதில்லை என்ற பாடத்தை அது விட்டுச் சென்றது.

1970-களில் சிங்கப்பூர் ஒரு துணிவான முடிவுக்கு வந்தது. 1974-இல் வாகன நிறுத்துமிடச் சட்டம் இயற்றப்பட்டது. 1975 ஜூன் 2-ஆம் நாள், நகர மையத்துக்குள் காலை நெரிசல் நேரத்தில் நுழையும் கார்களுக்கு உரிமக் கட்டணம் தொடங்கியது. நாள் ஒன்றுக்கு 3 வெள்ளி. மாதத்துக்கு 60 வெள்ளி. நான்கு பேர் சேர்ந்து வரும் காருக்குக் கட்டணம் இல்லை. உலகிலேயே இத்தகைய திட்டத்தை முதலில் நடத்திக் காட்டிய நகரம் சிங்கப்பூர்தான். அதே காலத்தில் நகர மையத்தில் கார் நிறுத்தும் கட்டணமும் உயர்த்தப்பட்டது.

இந்தத் திட்டத்தின் ஒரு பகுதி வென்றது. ஒரு பகுதி தோற்றது. இரண்டையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டண நேரத்தில் நகர மையத்துக்குள் நுழைந்த கார்கள் எதிர்பார்த்ததை விட மிகுதியாக, 70 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தன. இது வெற்றி. ஆனால் கார்க்காரர்கள் நகர ஓரத்தில் காரை நிறுத்திவிட்டுத் தொடர்பு பேருந்தில் உள்ளே வருவார்கள் என்று நம்பி, சுமார் 10,000 கார்கள் நிற்கக்கூடிய இடங்களை அரசு அமைத்தது. அவற்றில் பெரும்பாலானவை காலியாகவே கிடந்தன. காரை விட்டு இறங்கத் துணிந்தவர்கள் வீட்டிலிருந்தே பேருந்தில் வந்தார்கள். துணியாதவர்கள் நேரத்தை மாற்றிக்கொண்டோ, சேர்ந்து பயணம் செய்தோ, கட்டணம் கட்டியோ காரிலேயே வந்தார்கள். இடத்தை அமைத்து வைத்தால் மக்கள் அதற்கேற்ப நடந்துகொள்வார்கள் என்ற கணக்கு பொய்த்தது. விலையைக் கண்டே மக்கள் தம் வழக்கத்தை மாற்றிக்கொண்டார்கள்.

1980-இல் கூப்பன் முறை வந்தது. அந்தக் காகிதத்தை நேயர்களில் பலர் கையாண்டிருப்பீர்கள். ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம் என்று அதன் ஓரத்தில் உள்ள சிறு வட்டங்களைக் கிழித்து, கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போக வேண்டும். காசு வாங்கும் ஆளும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம். ஓட்டுநரே தமக்குத் தாமே சீட்டு எழுதிக்கொள்ளும் முறை அது. ஒருவர் மறந்துவிட்டால் சம்மன் வரும். தேக்காவில் பட்டுப்புடைவை எடுத்துக்கொண்டிருக்கும் குடும்பத்தில் ஒருவர், கூப்பன் மாற்ற வேண்டும் என்று பாதியில் எழுந்து ஓடுவது வழக்கமான காட்சியாக இருந்தது. 1998-இல் மின்னியல் சாலைக் கட்டணம் வந்தபோது காரில் பொருத்திய கருவியே, பின்னர் நிறுத்துமிட வாயில்களிலும் கட்டணத்தைக் கழித்துக்கொண்டது. 2017 அக்டோபரில் கைத்தொலைபேசிச் செயலி வந்தது. அதன் பிறகு நிமிடக் கணக்கில் கட்டணம் செலுத்தவும், முன்னதாகக் கிளம்பினால் மிச்சத்தைத் திரும்பப் பெறவும் வழி பிறந்தது.

கருவி எதுவாயினும் அதன் கருத்து ஒன்றே. அந்தக் கருத்து 1935-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் பிறந்தது. அங்கே கடைத்தெருவில் வேலை பார்ப்பவர்களே காலையில் வந்து தம் கார்களை நிறுத்திவிடுவார்கள். மாலை வரை எடுக்க மாட்டார்கள். வாடிக்கையாளருக்கு இடம் இல்லை. கடைக்காரர்கள் முறையிட்டார்கள். அதற்கு விடையாகவே மணிக்கு 5 சென்ட் வாங்கும் மீட்டர் நடப்பட்டது. கார்க்காரரைத் தண்டிப்பதற்காக அது வந்ததன்று. கடைக்காரருக்கு உதவுவதற்காக வந்தது. ஒரே இடத்தில் ஒரு கார் நாள் முழுவதும் நின்றால் பயன் ஒருவருக்கு. அதே இடத்தில் மணிக்கு ஒன்றாக மாறி மாறி நின்றால் பயன் எட்டுப் பேருக்கு, பத்துப் பேருக்கு. கட்டணம் என்றதும் கசப்பு கொள்ளும் வணிகர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

இதுவரை சாலையோரத்தைப் பற்றிப் பேசினோம். இனிக் கட்டடத்துக்குள் நிற்கும் காரைப் பற்றிப் பேசுவோம். இங்கேதான் அண்மைக் காலத்தில் பெரிய மாற்றம் நிகழ்ந்திருக்கிறது.

1923-இல் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரம், அடுக்குமாடிக் குடியிருப்புக் கட்டுவோர் இத்தனை காருக்கு இடம் விட்டே ஆக வேண்டும் என்று விதித்தது. இந்த எண்ணம் உலகெங்கும் பரவியது. வீடு கட்டினாலும், கடை கட்டினாலும், அலுவலகம் கட்டினாலும், இத்தனை சதுர மீட்டருக்கு இத்தனை கார் என்று கணக்கிட்டு இடம் ஒதுக்க வேண்டும். சிங்கப்பூரும் இந்த முறையைக் கைக்கொண்டது. இடம் விட முடியாதவர் அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டியிருந்தது. நோக்கம் நல்லதுதான்: கட்டடத்துக்கு வரும் கார் தெருவை அடைக்கக் கூடாது.

ஆனால் இந்த விதிக்குள் மறைந்திருக்கும் செலவைப் பாருங்கள். சிங்கப்பூரில் ஒரு கார் நிற்கும் கட்டம் 2.4 மீட்டர் அகலமும் 4.8 மீட்டர் நீளமும் கொண்டது. பெருக்கிப் பார்த்தால் சுமார் 11.5 சதுர மீட்டர். ஒரு படுக்கையறையின் அளவு. கார் உள்ளே வரவும் திரும்பவும் வழி விட்டால் அது இரு மடங்குக்கும் மேலாகும். காருக்கு 25 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 100 கார்களுக்கு 2,500 சதுர மீட்டர், அதாவது கால் ஹெக்டேர் நிலம் வேண்டும். சிங்கப்பூரின் பரப்பு 730 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். அதில் சுமார் 12 விழுக்காட்டைச் சாலைகளே எடுத்துக்கொண்டன என்று 2013-இல் அரசாங்கம் கூறியது. இந்த நாட்டில் ஓடும் வாகனங்களோ சுமார் 10 லட்சம். இந்த நெருக்கத்தில் ஒவ்வொரு கட்டடமும் காருக்கென்று அறை கட்டினால் அதன் செலவு எங்கே போகும்? வாடகையில் போகும், அரிசி விலையில் போகும், தோசை விலையில் போகும். காரில் வருகிறவர் மட்டுமன்று, நடந்து வருகிறவரும் அதைக் கொடுக்கிறார். இதைத்தான் ஷூப் 2005-இல் எழுதிய பெருநூலில் விரிவாகக் காட்டினார். இலவசமான நிறுத்துமிடம் என்று உலகில் எதுவும் இல்லை. செலவு மறைக்கப்பட்ட நிறுத்துமிடம்தான் உண்டு என்பது அவர் வாதத்தின் சாரம்.

தேக்காவின் கடைவீடுகளை எண்ணிப் பாருங்கள். குறுகிய முகப்பு, நீண்ட உள்பக்கம், முன்னால் ஐந்தடிப் பாதை. அங்கே காருக்கு எங்கே இடம்? கடைவீடு ஒன்றைப் புதுப்பிக்க வருகிறவரிடம், காருக்கு இடம் விடு, இல்லையேல் பணம் கட்டு என்று விதியைக் கண்டிப்புடன் நடத்தியிருந்தால், இடித்துவிட்டுப் புதிதாய்க் கட்டுவதே இலாபம் என்று அவர் முடிவு செய்திருப்பார். 1989-இல் லிட்டில் இந்தியா பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. பழைய கட்டடங்களைக் காக்க முன்வருவோருக்கு அளிக்கப்பட்ட சலுகைகளில், கார் நிறுத்துமிடப் பற்றாக்குறைக் கட்டணத்திலிருந்து விலக்கும் ஒன்று. இன்று நாம் கண்டு மகிழும் வண்ணச் சாளரங்களும் பூவேலைத் தூண்களும் நிலைத்திருப்பதற்கு, கலை ஆர்வத்தோடு கார் விதியின் தளர்வும் ஒரு காரணம் என்று சொன்னால் அது மிகையன்று.

பின்னர் விதியும் மாறத் தொடங்கியது. 2005-இல் ஒரே எண் என்பதற்குப் பதிலாக, கீழ் எல்லை, மேல் எல்லை என்று ஒரு வரம்பு வகுக்கப்பட்டது. கட்டுவோர் அதற்குள் தமக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். 2019 பிப்ரவரியிலிருந்து அந்த வரம்பு மேலும் இறக்கப்பட்டது. நகர மையத்திலும் ரயில் நிலையங்களுக்கு அருகிலும் தேவைப்படும் இடங்களின் எண்ணிக்கை குறைந்தது. முன்பு இதற்குக் குறையாமல் கட்டு என்றது சட்டம். இப்போது இதற்கு மேல் கட்டாதே என்றும் சொல்கிறது. அரை நூற்றாண்டுக் கருத்து தலைகீழாகத் திரும்பியது எனலாம்.

மற்ற நாடுகளிலும் இந்தத் திருப்பத்தைக் காண்கிறோம். அமெரிக்காவில் பஃபலோ என்ற நகரம், நம் எருமைச் சாலையின் பெயரையே கொண்டது, 2017-இல் கட்டாய நிறுத்துமிட விதியை நகர் முழுவதும் நீக்கியது. 2022-இல் கலிபோர்னியா மாநிலம் பொதுப் போக்குவரத்துக்கு அருகே அந்த விதியைத் தளர்த்தியது. ஜப்பானியர் 1962-லேயே வேறொரு வழியைப் பிடித்தனர். கார் வாங்க வருகிறவர் அதை நிறுத்தத் தமக்கு இடம் இருக்கிறதென்று முதலில் சான்று காட்ட வேண்டும். வண்டியை வாங்குவது உன் உரிமை; அதற்கு இடம் தேடுவதும் உன் பொறுப்பு என்பது அவர்கள் நெறி.

இவ்வளவும் சரி, தேக்காவில் கடை வைத்திருப்பவர் என்ன சொல்கிறார்? அவர் கவலையையும் நாம் மதித்துக் கேட்க வேண்டும். அவர் கடைக்குத் திருமண வீட்டார் வருகிறார்கள். அரிசி மூட்டையும் எண்ணெய்த் தகரமும் வாங்குகிறார்கள். முதியவரைக் கைப்பிடித்து அழைத்து வருகிறார்கள். தீபாவளி நெருங்கினால் குடும்பம் குடும்பமாகக் காரில் வருகிறார்கள். நிறுத்த இடமில்லை என்றால் வேறு பேட்டையில் உள்ள கடைத்தொகுதிக்குப் போய்விடுவார்கள் என்று அவர் அஞ்சுகிறார். அந்த அச்சம் பொய்யன்று.

ஆனால் தேக்காவுக்கு வருகிறவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். 2003-இல் லிட்டில் இந்தியா ரயில் நிலையம் திறந்தது. 2015-இல் இன்னொரு ரயில் பாதையும் அங்கே வந்து சேர்ந்தது. சந்தைக்குக் காலையில் வரும் இல்லத்தரசியர், கோயிலுக்கு வரும் அடியார், சுற்றுலாப் பயணிகள் எனப் பலர் ரயிலிலும் பேருந்திலும் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கூடும் வெளிநாட்டுத் தொழிலாளர்களோ கார் இல்லாதவர்கள். வீட்டுக்குப் பணம் அனுப்பவும், ஊர்க்காரரைக் காணவும், வாய்க்கு ருசியாக ஒரு வேளை உண்ணவும் வாரத்தில் ஒரு நாள் வருகிறார்கள். தேக்காவின் வணிகத்துக்கு அவர்கள் பெருந்துணை. ஆயினும் அவர்கள் உட்காரவும் நிற்கவும் இடம் எவ்வளவு?

2013 டிசம்பர் 8-ஆம் நாள் இரவு, தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் தனியார் பேருந்தின் கீழ் ஒருவர் சிக்கி உயிரிழந்ததும், அதைத் தொடர்ந்து கலவரம் மூண்டதும் நமக்கு நினைவிருக்கும். அந்தக் கலவரத்துக்குக் காரணங்களை விசாரணைக் குழு ஆராய்ந்தது. அதற்குள் நாம் போகவில்லை. ஆனால் பேருந்து எங்கே நிற்பது, மக்கள் எங்கே வரிசை பிடிப்பது என்ற ஏற்பாடு உயிரைத் தொடும் செய்தி என்பதை அந்த இரவு உணர்த்தியது. நின்று ஏறும் இடம் என்பதும் நிறுத்துமிட விதியின் ஒரு பகுதியே.

2015-இல் இந்திய மரபுடைமை நிலையம் திறக்கப்பட்ட ஆண்டிலேயே, அதன் பக்கத்தில் உள்ள கேம்பல் லேன் நிரந்தரமாக நடப்பவர்க்கு விடப்பட்டது. சென்னையிலும் 2019-இல் தியாகராய நகர்ப் பாண்டி பஜாரில் நடைபாதை அகலமாக்கப்பட்டது. இரண்டு இடமும் நெருக்கடியான கடைத்தெருக்கள். இரண்டிலும் ஓடுவதற்கும் நிற்பதற்கும் இருந்த நிலத்தில் ஒரு பங்கு நடப்பதற்குத் தரப்பட்டது.

இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக் கூடியவை என்ன?

முதலாவதாக, நிறுத்தம் என்பது ஒன்றன்று, பல. காய்கறி இறக்கும் லாரிக்குக் கால்மணி நேரம் போதும். ஆனால் அது கடைக்கு அருகில் வேண்டும். நடக்க இயலாத முதியவருக்கும் உடற்குறை உடையவருக்கும் வாசலருகே இடம் வேண்டும். பொருள் வாங்க வருகிறவருக்கு ஒரு மணியோ இரண்டு மணியோ வேண்டும். நாள் முழுதும் நிற்கும் காருக்குக் கடைவாசல் தேவையே இல்லை. அது தொலைவில் உள்ள மாடிக் கட்டடத்தில் நிற்கலாம். இந்த நால்வரையும் ஒரே தட்டில் வைத்து ஒரே விதி எழுதுவதால்தான் லாரி இரட்டை வரிசையில் நிற்கிறது. முதியவர் தொலைவில் இறங்கி நடக்கிறார். கடைவாசலிலோ கடைக்காரரின் சொந்தக் கார் காலை முதல் நிற்கிறது.

இரண்டாவதாக, இடத்தைக் குறைப்பதற்கு முன்னால் மாற்று வழி இருக்க வேண்டும். ரயில் வந்த பிறகு விதியைத் தளர்த்தியது முறையான வரிசை. ரயிலும் பேருந்தும் இல்லாத ஊரில் நிறுத்துமிடத்தை மட்டும் எடுத்துவிட்டால் துன்பப்படுவது எளியவரே.

மூன்றாவதாக, வாங்கும் விலை கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரிந்த விலையை மக்கள் எடைபோட்டு முடிவு செய்வார்கள். மறைந்த விலையைக் கார் இல்லாதவரும் சேர்ந்து சுமப்பார்கள்.

நான்காவதாக, எந்த ஒதுக்கீடும் நிலையானதன்று. எருமை படுத்த இடத்தில் வீடு வந்தது. கார் நின்ற இடத்தில் உணவுக் கடை வந்தது. சிங்கப்பூரின் முதல் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடமும் பிற்காலத்தில் இடிக்கப்பட்டு, அங்கே அலுவலகக் கோபுரம் எழுந்துவிட்டது. இன்றைய கோடுகள் நாளைய தலைமுறைக்குக் கட்டளை ஆகிவிடக் கூடாது.

1888-இல் ஐந்தடிப் பாதைக்காக எழுந்த சண்டை எவ்வாறு தீர்ந்தது என்பதை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். கடைக்காரர் முழுவதையும் பெறவில்லை. கழகமும் முழுவதையும் பெறவில்லை. முதலில் நடப்பவர்க்கு வழி, பிறகு மற்றவர்க்கு மிச்சம் என்ற வரிசை உண்டாயிற்று. பொது நிலத்தைப் பங்கிடும்போது அந்த வரிசை இன்றும் பொருந்தும். காலால் வருகிறவர் முதலில். சுமையோடு வருகிறவர் அடுத்து. நிறுத்திவிட்டுப் போகிறவர் கடைசியில். இந்த வரிசை கலையாமல் இருக்கும் வரையில் தேக்கா நெருக்கமாக இருந்தாலும் எல்லாருக்கும் உரிய இடமாக இருக்கும். அதைக் காப்பது அதிகாரிகளின் கடமை மட்டுமன்று. காரை நிறுத்த இடம் தேடும் நம் ஒவ்வொருவரின் கடமையுமாகும்.